இலக்கணக்காரர் நிற்கும் இடம்: ஐனார் ஹௌகனும் நார்வே மொழிச் சிக்கலும்

1950களின் நடுவில் நார்வே வானொலியில் வானிலை அறிக்கை வாசித்துவந்த அலுவலர் ஒருவர் அந்தப் பணியிலிருந்து விலக்கப்பட்டார். அவருடைய கணிப்பில் யாரும் குறை சொல்லவில்லை. பனிக்கு அரசு ஏற்றிருந்த சொல்வடிவம் ‘ஸ்னோ’. அவரோ தாம் பழகிய ‘ஸ்னே’ என்ற வடிவத்தைத்தான் சொல்வேன் என்று நின்றார். ஒரே ஓர் உயிரொலி செய்தித்தாள்களுக்குத் தீனியாயிற்று.

வெளியிலிருந்து பார்ப்பவர் சிரித்துவிட்டுப் போகலாம். நார்வே மொழிக்கு இலக்கணம் எழுத உட்காருபவரால் அப்படிப் போக முடியாது. ஒரு பெயர்ச்சொல்லுக்கு இரண்டு விகுதிகள் வழங்கினால், எதை முதலில் எழுதுகிறார் என்பதிலேயே அவர் எந்தக் கட்சி என்று வாசகர் கண்டுகொள்வார். மொழியில் உள்ளதைச் சொல்வது இலக்கணக்காரரின் வேலையா, இருக்க வேண்டியதைச் சொல்வதா என்ற கேள்வி எல்லா மொழிகளிலும் உண்டு. நார்வேயில் அது நாடாளுமன்றத் தீர்மானம், பள்ளிப் பாடநூல், பெற்றோர் போராட்டம் என்று தெருவுக்கு வந்தது. அந்தத் தெருச்சண்டையை மொழியியலின் பொதுக் கோட்பாடாக மாற்றியவர், அமெரிக்காவில் பிறந்த ஒரு நார்வே வம்சாவளியினர். ஐனார் ஹௌகன் (1906–1994) நார்வே இலக்கணத்துக்கும் ஸ்காண்டிநேவிய மொழிகளுக்கும் அறுபது ஆண்டுகளைக் கொடுத்தார். அந்த உழைப்பில் எது நின்றது, எது தேய்ந்தது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹௌகனுக்கு முன்

நார்வேயின் பழைய எழுத்துமொழி 16ஆம் நூற்றாண்டோடு வழக்கொழிந்தது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே டென்மார்க்குடன் முடியாட்சி இணைப்பு ஏற்பட்டுவிட்டது. 1536–37இல் சீர்திருத்தத் திருச்சபை டேனிஷ் விவிலியத்தோடு வந்து சேர்ந்தபோது, ஆட்சி, கோயில், நீதிமன்றம் மூன்றிலும் டேனிஷே எழுத்துமொழி ஆகிவிட்டது. மக்கள் பள்ளத்தாக்குக்கு ஒன்றாகத் தங்கள் கிளைமொழிகளைப் பேசிக்கொண்டே இருந்தார்கள். 1814இல் நார்வே தனக்கென ஓர் அரசியல் சட்டம் எழுதிக்கொண்டது. அதே ஆண்டில் ஸ்வீடன் அரசரின் கீழ் புதிய இணைப்புக்குள் போயிற்று. அந்த அரசியல் சட்டம்கூட டேனிஷில்தான் எழுதப்பட்டது.

இந்த முரணைத் தீர்க்க முனைந்தவர்களில் முதன்மையானவர் ஈவார் ஓசன். மேற்குக் கரையில் ஓர்ஸ்தா என்னும் ஊரில் 1813இல் சிறு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பல்கலைக்கழகப் படியை மாணவராக மிதிக்காதவர். தாமே மொழிகளைக் கற்றார், தாமே செடிகொடிகளைச் சேகரித்து வகைப்படுத்தினார். டிரொண்ட்ஹைமிலிருந்த அரச அறிவியல் கழகம் கொடுத்த உதவித்தொகையில் 1842 முதல் 1846 வரை நாட்டின் பெரும்பகுதியைச் சுற்றி வந்து கிளைமொழிகளைப் பதிவு செய்தார். 1848இல் மக்கள்மொழியின் இலக்கணமும் 1850இல் அதன் அகராதியும் வெளிவந்தன. முதல் இலக்கணத்தில் ஓசன் ஒரு நேர்மையான களப்பணியாளர். இங்கே இப்படிச் சொல்கிறார்கள், அங்கே அப்படிச் சொல்கிறார்கள் என்று வடிவங்களை அருகருகே வைப்பார். 1864இல் அவர் எழுதிய ‘நார்வே இலக்கணம்’ வேறு பிறவி. அதில் ஒரே நெறி இருந்தது. இதுவே சரியான வடிவம் என்று அது சொன்னது.

சூரியனைக் குறிக்கும் ‘சூல்’ என்ற பெண்பால் சொல்லையே எடுத்துக்கொள்வோம். ‘அந்தச் சூரியன்’ என்று சுட்ட, பெரும்பாலான கிளைமொழிகளில் ‘சூலா’ என்பார்கள். சில உள்நாட்டு, மேற்குக் கிளைமொழிகளில் மட்டும் ‘சூலி’. ஓசன் ‘சூலி’யைத் தேர்ந்தார். ‘சோலின்’ என்ற பழைய நோர்ஸ் வடிவத்துக்கு அதுதான் நெருக்கம் என்பது அவர் கணக்கு. பெரும்பான்மை வாக்கு அவருக்குப் பொருட்டல்ல, வரலாற்றுச் சான்றுதான் பொருட்டு. அந்த ‘இ’ விகுதியைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஆனாலும் ஏதோ ஒரு வகையில் அது விதிகளுக்குள் நீடித்திருந்து 2012இல்தான் அதிகாரபூர்வமாக நீங்கியது. ஓர் இலக்கணக்காரரின் தேர்வு கிட்டத்தட்ட 150 ஆண்டுகள் விதிநூலில் உட்கார்ந்திருந்தது என்றால் அந்தப் பேனாவின் கனத்தை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

எதிர்வழியில் நின்றவர் க்னூட் க்னூட்சன் என்ற பள்ளி ஆசிரியர். நகரத்துப் படித்தவர்கள் டேனிஷ் எழுத்தை நார்வே ஒலியில்தான் வாசித்தார்கள். அந்த ஒலிக்கேற்ப எழுத்தைப் படிப்படியாகத் திருத்தினால் போதும் என்றார் அவர். 1907 சீர்திருத்தம் அவர் வழியில் அமைந்தது. நூலைக் குறித்த ‘போக்’ என்ற சொல்லின் இறுதியிலிருந்த மெல்லிய டேனிஷ் ககரம் வலிய ககரமாயிற்று. தெருவைக் குறித்த சொல்லில் தகரம் வல்லோசை பெற்றது. இவ்வாறு ஒரு நாட்டுக்கு இரண்டு எழுத்துமொழிகள் ஆயின. ஓசனின் வழிவந்தது இன்று நீநோர்ஸ்க், க்னூட்சனின் வழிவந்தது பூக்மோல். 1885 மே 12 அன்று நாடாளுமன்றம் இரண்டுக்கும் சம உரிமை அளித்துத் தீர்மானித்தது. இப்போதுள்ள பெயர்கள் 1929இல் ஏற்கப்பட்டவை. இடையில் 1917இலும் 1938இலும் வந்த சீர்திருத்தங்கள் இரண்டையும் ஒன்றை நோக்கி ஒன்றைத் தள்ளி, என்றோ ஒருநாள் ‘சாம்நோர்ஸ்க்’ என்ற பொது நார்வே மொழி பிறக்கும் என்ற கனவை அரசுக் கொள்கை ஆக்கின.

ஐயோவாவில் ஓர் ஒப்டால் பிள்ளை

ஹௌகன் 1906இல் ஐயோவா மாநிலத்தின் சூ சிட்டியில் பிறந்தார். பெற்றோர் நார்வேயின் மலைப்பகுதியான ஒப்டாலிலிருந்து குடிபெயர்ந்தவர்கள். அவர் சிறுவனாக இருந்தபோது குடும்பம் ஒப்டாலுக்கே திரும்பிச் சில ஆண்டுகள் இருந்துவிட்டு மறுபடி அமெரிக்கா வந்தது. அமெரிக்கப் பையனாக நார்வே சென்று, ஒப்டால் பேச்சோடு அமெரிக்கா திரும்பிய பையன் இருபுறமும் கேலிக்கு ஆளாவது இயல்பு. பிற்காலத்தில் இருமொழியாளர்களைப் பற்றி அவர் எழுதியவற்றில் தென்படும் பரிவுக்கு இந்த அனுபவம் ஒரு காரணமாக இருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

செயின்ட் ஓலாஃப் கல்லூரியில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் ஓ. ஈ. ரோல்வோக். அமெரிக்காவில் உட்கார்ந்து நார்வே மொழியில் நாவல் எழுதியவர். குடியேறியவர்கள் தாய்மொழியை விட்டுவிடக்கூடாது என்று வாழ்நாளெல்லாம் வாதிட்டவர். 1928இல் அங்கே பட்டம் பெற்ற ஹௌகன் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஃப்ளோமிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். ஃப்ளோம் 1903இலேயே ஒரு நுட்பமான கேள்வியைத் தொட்டவர். நார்வே மொழிக்குள் புகும் ஆங்கிலப் பெயர்களுக்கு எந்தப் பால் கிடைக்கிறது? ஹௌகனின் ஆய்வேடு (1931) ஓசன் தொடங்கிய இயக்கத்தின் தோற்றத்தைப் பற்றியது. ஆக, 25 வயதுக்குள் அவருடைய வாழ்நாள் வேலையின் இரு கிளைகளும் முளைத்துவிட்டன. ஒன்று, மொழிகள் உரசும்போது இலக்கணத்துக்கு நேர்வது. மற்றொன்று, மொழியை மனிதர்கள் வேண்டுமென்றே மாற்றும் கதை.

அதே 1931இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. அமெரிக்காவின் மிகப் பழைய ஸ்காண்டிநேவியத் துறை அங்கேதான் 1875இல் தொடங்கியிருந்தது. 1962 வரை அங்கே இருந்தார். பிறகு 1964 முதல் 1975 வரை ஹார்வர்டில். போர்க்காலத்தில் படைவீரர்களுக்கு நார்வே மொழி கற்பிக்கப் பாடநூல் எழுதினார். போர் முடிந்ததும் ஒஸ்லோவின் அமெரிக்கத் தூதரகத்தில் பண்பாட்டு அலுவலராகச் சிறிது காலம் பணியாற்றினார். 1950இல் அமெரிக்க மொழியியல் கழகத்தின் தலைவர். பதவிகளைப் பற்றி இவ்வளவு போதும்.

கொச்சை என்று தள்ளப்பட்டதில் ஒழுங்கு

விஸ்கான்சினின் கூன் வேலி, வெஸ்ட்பி போன்ற ஊர்ப்புறங்களில் நார்வே விவசாயிகள் இரண்டு மூன்று தலைமுறைகளாகத் தங்கள் கிளைமொழியைப் பேசிக்கொண்டிருந்தார்கள். நார்வேயிலிருந்து வந்துபோன படித்தவர்கள் அதைக் கேட்டு முகம் சுளித்தார்கள். பாதி ஆங்கிலம், பாதி நார்வே, எதுவும் உருப்படியில்லை என்பது தீர்ப்பு. பேசியவர்களுக்கே அதில் கூச்சம் இருந்தது. ஹௌகன் 1930களிலிருந்து இந்த ஊர்களுக்குப் போய் வீட்டுத் திண்ணைகளிலும் சமையலறைகளிலும் உட்கார்ந்து கேட்டார், வினாப் பட்டியல் வைத்துக் குறித்தார், ஒலிப்பதிவும் செய்தார். 1953இல் ‘அமெரிக்காவில் நார்வே மொழி’ என்ற இரண்டு தொகுதி நூல் வெளிவந்தது. யூரியல் வைன்ரைக் ‘தொடர்பில் மொழிகள்’ என்ற நூலை வெளியிட்டதும் அதே ஆண்டில். இருமொழியியம் ஒரு துறையாக நின்றது இந்த இரு நூல்களின் தோளில்தான்.

ஹௌகன் காட்டியது என்ன? கலப்பு என்று இகழப்பட்ட அந்தப் பேச்சில் எதுவும் தாறுமாறாக நடக்கவில்லை. வயலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ‘ஃபில்’ என்று உள்ளே வந்தது. வந்த உடனே அதற்கு நார்வே மொழியில் பெண்பால் கிடைத்தது, ‘அந்த வயல்’ என்று சுட்ட ‘ஃபிலா’ என்ற விகுதியும் கிடைத்தது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்குப் பால் கிடையாது. எனவே கடன் வாங்கியவர்களே பால் கொடுத்தாக வேண்டும். பெரும்பாலான சொற்கள் ஆண்பாலுக்குப் போயின. போகாத சொற்களுக்கும் காரணம் இருந்தது: பொருளில் நெருங்கிய பழைய சொல்லின் பால், அல்லது ஒலியில் நெருங்கிய சொல்லின் பால். விவசாயி இலக்கணம் படித்தவர் அல்லர். ஆனாலும் அவர் நாவில் இலக்கணம் தவறாமல் வேலை செய்தது.

இதற்கு முன்னோட்டமாக 1950இல் அவர் எழுதிய கட்டுரை கடன்சொற்களைப் பற்றிய ஆய்வுகளில் இன்றும் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கப்படுவது. கடன் வாங்கும்போது இரண்டு செயல்கள் நடக்கின்றன என்றார். அயல் வடிவத்தை அப்படியே கொண்டுவருவது ஒன்று, அதன் இடத்தில் தன் மொழியின் கூறை வைப்பது மற்றொன்று. இவ்விரண்டின் விகிதத்தைப் பொறுத்துக் கடன்கள் மூவகை ஆகின்றன. முழுச் சொல்லும் வந்து சேர்வது முதல் வகை. பாதி அயலும் பாதி உள்ளூருமாக ஒட்டிக்கொள்வது இரண்டாவது. மூன்றாவதுதான் சுவையானது. அதில் அயலொலி எதுவும் வராது, பொருள் மட்டும் நகரும். நார்வேயில் ‘கோர்ன்’ என்பது பொதுவாகத் தானியம். அமெரிக்கக் குடியேறிகளின் வாயில் அது மக்காச்சோளம் ஆனது. ஊரிலிருந்து கடிதம் படிக்கும் உறவினருக்குச் சொல் பழகியதாகவே தெரியும், சொன்ன பொருள் மட்டும் புரியாது.

என் பார்வையில் ஹௌகனின் ஆகச் சிறந்த வேலை இந்த 1953 நூல்தான். பின்னாளில் அவருக்குப் பெரும் புகழ் தந்த கோட்பாடுகளைவிட இதன் பக்கங்களில் அவர் கூர்மையாக இருக்கிறார். கோட்பாட்டு நூல்களில் கேட்காத மனிதக் குரல் இதில் கேட்கிறது.

ஒலி, தொனி, அகராதி

இடையில் அவர் ஐஸ்லாந்தின் பக்கம் திரும்பியதை ஒரு கிளைப்பயணமாக மட்டும் பார்க்க முடியாது. 12ஆம் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஓர் ஐஸ்லாந்தியர், இலத்தீன் எழுத்துகளைத் தம் மொழிக்கு எப்படிப் பொருத்துவது என்று ஒரு சிறு நூல் எழுதினார். ‘முதல் இலக்கண உரை’ என்று அது அழைக்கப்படுகிறது. ஒரே ஓர் ஒலியில் மட்டும் வேறுபடும் சொற்களை இணை இணையாக அடுக்கி, இந்த ஒலி வேறு அந்த ஒலி வேறு, ஆகவே எழுத்தும் வேறாக வேண்டும் என்று வாதிடுகிறார் அவர். ஒன்பது உயிர்கள், குறில் நெடில் வேறுபாடு, மூக்கொலி உண்டா இல்லையா என்ற வேறுபாடு எல்லாம் பெருக்கி 36 உயிரொலிகளைக் கணக்கிடுகிறார். 20ஆம் நூற்றாண்டு மொழியியலர்கள் ஒலியனைக் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட்ட முறை அப்படியே அங்கே இருந்தது. ஹௌகன் 1950இல் அதைப் பதிப்பித்து மொழிபெயர்த்து விளக்கினார். ஓசனுக்கு 700 ஆண்டுகளுக்கு முன்பே ஸ்காண்டிநேவியாவில் ஒருவர் மொழியை விவரித்துக்கொண்டே அதற்கு விதியும் வகுத்தார் என்பது அவருக்கு மிக வசதியான சான்று.

நார்வே மொழியின் தொனியும் அவருக்குப் பிடித்த பொருள். விவசாயிகளைக் குறிக்கும் ‘போனர்’ என்ற சொல்லும் அவரைக்காயைக் குறிக்கும் ‘போனர்’ என்ற சொல்லும் ஒஸ்லோ வட்டாரத்தில் ஒரே ஒலிகளால் ஆனவை. குரல் ஏறி இறங்கும் பாங்கு ஒன்றே இரண்டையும் பிரிக்கிறது. மார்ட்டின் ஜூஸுடன் சேர்ந்து 1952இல் இதைக் கருவிகளால் அளந்து எழுதினார். 1965இல் அவர் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து வெளியிட்ட நார்வே–ஆங்கில அகராதியில் உச்சரிப்போடு தொனியும் குறிக்கப்பட்டது. அதைவிட முக்கியம், பூக்மோலும் நீநோர்ஸ்கும் ஒரே அகரவரிசையில் அடையாளக் குறியோடு இடம்பெற்றன. நார்வேக்குள் அப்படி ஓர் அகராதி செய்ய முனைந்தால் எந்தச் சொல் எந்தப் பக்கம் என்பதில் முதல் எழுத்தைத் தாண்டுவதற்குள் சண்டை மூண்டிருக்கும். விஸ்கான்சினின் மாடிசன் நகரில் உட்கார்ந்திருந்ததால் அது கைகூடியது.

திட்டமிடல் என்னும் புதுத்துறை

1950இல் ராபர்ட் ஹால் ‘உன் மொழியை அதன் போக்கில் விடு’ என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு நூல் எழுதினார். அமெரிக்க மொழியியலின் அன்றைய மனநிலை அதுதான். விஞ்ஞானி விவரிப்பார், விதி வகுப்பது பள்ளிக்கூட வாத்தியாரின் மூடப்பழக்கம். அமெரிக்க மொழியியல் கழகத்துக்கு அதே ஆண்டில் தலைவராயிருந்த ஹௌகன், சில ஆண்டுகளில் நேர் எதிர்த்திசையில் நடந்தார். 1959இல் நவீன நார்வேயின் தரமொழியைப் பற்றி எழுதிய கட்டுரையில் ‘மொழித் திட்டமிடல்’ என்ற தொடரைக் கல்வியுலகத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். விதி வகுப்பவர்களைக் கண்டு சிரிப்பதற்குப் பதில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஆராயலாமே என்பது அவர் வாதம். நார்வே கிளைமொழிகளை விவரித்த ஓசனே நார்வேக்கு மொழி ஒன்றை உருவாக்கியவர் என்பதை ஆய்வேட்டுக் காலத்திலேயே கண்டவருக்கு, விவரிப்பும் விதியும் தனித்தனி மனிதர்களின் வேலை என்று நம்ப வழியில்லை.

1966இல் இரண்டு எழுத்துகள் வந்தன. ஒன்று நார்வே மொழிப் பூசலின் முழு வரலாறு. மற்றொன்று ‘கிளைமொழி, மொழி, தேசம்’ என்ற கட்டுரை. ஒரு வட்டார வழக்கு தரமொழியாக வளர நான்கு கட்டங்களை அதில் வகுத்தார்: எந்த வழக்கு என்ற தேர்வு, அதற்கு எழுத்தும் இலக்கணமும் வகுக்கும் நெறிப்படுத்தல், சட்டம் முதல் வேதியியல் வரை எல்லாத் துறைக்கும் அது பயன்படும்படிச் செய்யும் விரிவாக்கம், இறுதியாகச் சமூகத்தின் ஏற்பு. முதல் இரண்டும் வடிவத்தைச் சார்ந்தவை, நெறிப்படுத்தலில் வேறுபாடு குறைய வேண்டும். விரிவாக்கத்தில் பயன்பாடு பெருக வேண்டும். தேர்வும் ஏற்பும் சமூகத்தின் கையில். இதை எழுதும்போது ‘மொழித் தரப்படுத்தல்’ நூலை 1963இல் வெளியிட்டிருந்த வங்காள அறிஞர் புண்ய ஸ்லோக ராயிடமிருந்தும் அவர் எடுத்துக்கொண்டார். புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் ஆட்சிமொழி தேடிக்கொண்டிருந்த காலம் அது. அதனால் இந்த நான்கு கட்டங்கள் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வேகமாகப் பரவின.

இந்த வரைபடத்தை நார்வேயின் மேலேயே வைத்துப் பார்த்தால் அதன் வலிமையும் ஓட்டையும் சேர்ந்தே தெரிகின்றன. 1951இல் நாடாளுமன்றம் எண்களைச் சொல்லும் முறையை மாற்றியது. ‘ஐந்தும் இருபதும்’ என்று சொன்னவர்கள் இனி ‘இருபத்தைந்து’ என்று சொல்ல வேண்டும். தொலைபேசித் துறை கேட்டுக்கொண்டதே இதற்குத் தூண்டுதல், எண்களைச் சொல்லி இணைப்புக் கேட்பதில் தவறு நேராதிருக்க. தேர்வும் நெறியும் ஒரே நாளில் முடிந்தன. ஏற்பு? எழுபது ஆண்டுகள் கழித்தும் பழைய முறையில் எண்ணுகிறவர்கள் நார்வேயில் இருக்கிறார்கள், ஒரே பேச்சில் இரண்டையும் கலப்பவர்களும் இருக்கிறார்கள்.

1938 சீர்திருத்தமோ எதிர்ப்பை எரியவைத்தது. பூக்மோலில் பல பெண்பால் சொற்களுக்கு ‘ஆ’ விகுதி கட்டாயமாயிற்று. நூலைச் சுட்ட ‘பூக்கென்’ என்று எழுதிய வீடுகளில் பிள்ளைகள் ‘பூக்கா’ என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். மேற்கு ஒஸ்லோவின் வசதிபடைத்த வீடுகளில் அது வேலைக்காரர்களின் பேச்சு. 1951இல் தொடங்கிய பெற்றோர் இயக்கம் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டியது. சில பெற்றோர் பேனாவை எடுத்துப் பிள்ளைகளின் பாடநூலிலேயே விகுதிகளைத் திருத்தினார்கள். இலக்கணப் பாலுக்கு வர்க்க நிறம் இருந்தது. பெர்கன் நகரக் கிளைமொழியில் பெண்பாலே கிடையாது, அங்கே இந்தச் சண்டைக்கு வேறு முகம். நாட்டில் மொழி அமைதி வேண்டி ஹான்ஸ் வோக்ட் தலைமையில் 1964இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. 1981இல் பழைய வடிவங்கள் பல பூக்மோலுக்குள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. 2002இல் பொது நார்வே மொழி என்ற குறிக்கோளையே நாடாளுமன்றம் கைவிட்டது.

ஹௌகனின் நான்கு கட்டங்களில் நான்காவதே மற்ற மூன்றையும் தீர்மானித்தது என்பதுதான் இதன் பாடம். அவர் அதைக் கடைசியில் வைத்தார். முதல் மூன்று கட்டங்களையும் முடித்துவிட்டுச் சமூகத்தின் கையெழுத்துக்கு நீட்டும் கோப்பாக மொழியைப் பார்த்த குழுக்கள் நார்வேயிலும் பிற நாடுகளிலும் தோற்றதற்கு இந்த வரிசை முழுக் காரணம் இல்லை, ஆனால் அந்த வரிசை அவர்களுக்குத் துணிவு கொடுத்தது. ஹௌகனை இதற்காக மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. மொழிகள் கருவிகள், எது சிக்கனமோ அதைப் பொறியாளர் மாதிரித் தேர்ந்து திருத்தலாம் என்று 1968இல் வால்டர் டவுலி எழுதியபோது, அந்தக் கருவிவாதத்தை எதிர்த்து எழுதியவர் அவர்தான். ஹைன்ஸ் க்லோஸ் மொழியின் உடலைத் திருத்துவது வேறு, அதன் தகுதியை உயர்த்துவது வேறு என்று பிரித்தபோது, தம் வரைபடத்தை 1983இல் அதற்கேற்ப விரித்தும் எழுதினார்.

1962இல் அவர் பாதி விளையாட்டாக ஒரு நோய்க்குப் பெயரிட்டார். தன் மொழிக்கே ஒன்றுக்கு மேற்பட்ட தரவடிவங்கள் இருப்பதால், எதைச் சொன்னாலும் தவறோ என்று தடுமாறும் நோய். நார்வேயில் அது கொள்ளைநோய். உண்மையில் மொழிக்குழுக்களின் அறிக்கைகளைவிட அந்தக் கட்டுரை பேசுபவரின் மனத்தை நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறது.

அரைகுறைப் புரிதல், சூழல்

டேனிஷ், ஸ்வீடிஷ், நார்வே மொழிகள் மூன்றும் ஒன்றையொன்று எவ்வளவு புரிந்துகொள்கின்றன என்று அவர் வினாத்தாள் அனுப்பிக் கேட்டார். எல்லோரும் தங்கள் மொழியையே பேசி அடுத்தவர் மொழியைக் கேட்டுச் சமாளிப்பதை அரைத் தொடர்பு என்றார். நார்வேக்காரர்கள் முன்னணியில் நின்றார்கள். டேன்களும் ஸ்வீடன்காரர்களும் ஒருவரையொருவர் புரிந்துகொள்வதில் தடுமாறினார்கள். நார்வேக்காரர்களுக்கு இது வாய்த்ததற்குக் காரணம் எளிது: எழுத்தில் டேனிஷுக்கு நெருக்கம், ஒலியில் ஸ்வீடிஷுக்கு நெருக்கம், போதாததற்கு உள்ளூரிலேயே பத்துக் கிளைமொழிகளைக் கேட்டுப் பழகிய காது.

1972இல் அன்வர் தில் தொகுத்த ‘மொழியின் சூழலியல்’ ஹௌகனின் கட்டுரைகளை ஒன்றாக்கியது. ஒரு மொழியை யார் பேசுகிறார், எங்கே, வேறு எந்த மொழிகளோடு, அதற்கு அரசும் பள்ளியும் என்ன ஆதரவு தருகின்றன என்று கேட்பதே அந்த அணுகுமுறை. அழியும் மொழிகளைப் பற்றிப் பேசுவோர் அதை ஒரு கொடியாக ஏந்தினார்கள். ஹௌகன் எழுதியதோ அடிப்படையில் ஒரு கேள்விப் பட்டியல். உயிரினம், காடு, பன்மையம் என்று பின்னால் வந்தவர்கள் அதன் மீது ஏற்றிய உருவகப் பாரத்தை அந்தப் பட்டியல் தாங்காது. பட்டியலாகவே வைத்துக்கொண்டால் இன்றும் அது நன்றாகப் பயன்படும். 1976இல் வந்த, 500 பக்க அளவிலான ‘ஸ்காண்டிநேவிய மொழிகள்’ வரலாறும் அப்படித்தான். ரூனிக் கல்வெட்டிலிருந்து நவீன தரமொழிகள் வரை மொழி வரலாற்றைச் சமூக வரலாற்றின் உள்ளே வைத்துச் சொல்கிறது.

நார்வே எங்கே போனது

நீநோர்ஸ்கைப் பள்ளி மொழியாகக் கொண்ட மாணவர்கள் 1944இல் 34 விழுக்காடு. இன்று எட்டில் ஒரு பங்கை ஒட்டி நிற்கிறது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஓசனின் இயக்கம் தோற்றது. ஆனால் அது வேறொரு களத்தில் வென்றது. 1878இலேயே பிள்ளைகளுக்கு அவர்கள் பேசும் மொழியிலேயே முடிந்தவரை கற்பிக்க வேண்டும் என்று நாடாளுமன்றம் தீர்மானித்திருந்தது. ஆசிரியர் மாணவரின் கிளைமொழியைத் திருத்தக் கூடாது என்ற மரபு அதிலிருந்து வளர்ந்தது. இன்று அமைச்சரும் பேராசிரியரும் தொலைக்காட்சியில் தங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசுகிறார்கள். பேச்சுக்குத் தரவடிவம் ஒன்று விதிக்கப்படாத நாடு ஐரோப்பாவில் அரிது.

1980களில் நார்வேயின் நாட்டுப்புற உயர்பள்ளிகள் வழியாகவும் பின்னர் அகதிகளாகவும் வந்த ஈழத்தமிழர்கள் பலர் இதை நேரில் சந்தித்தார்கள். வடக்கே ஃபின்மார்க்கில் மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பில் கிடைத்தது பூக்மோல் பாடநூல். அதில் ‘நான்’ என்பதற்கு ‘யெய்’ என்றிருக்கும். ஆலையில் பக்கத்தில் நின்று மீன் வெட்டியவர் சொன்னது ‘ஏ’. ஹௌகனின் இருமொழியாளர்கள் விஸ்கான்சினில் நார்வே மொழிக்குள் ஆங்கிலத்தை இழுத்தார்கள், இங்கே தமிழுக்குள் நார்வே சொற்கள் வந்தன. அவர் வகுத்த மூவகைக் கடன்களையும் ஒஸ்லோத் தமிழரின் பேச்சிலிருந்து யாராவது பொறுமையாகத் தொகுத்தால் நல்ல ஆய்வாக அமையும்.

இலக்கணமும் நின்றுவிடவில்லை. யான் தெரியே ஃபார்லுண்ட், ஸ்வைன் லீ, ஷெல் ஈவார் வன்னெபூ மூவரும் 1997இல் வெளியிட்ட பெரிய பார்வை இலக்கணம் பூக்மோல், நீநோர்ஸ்க் இரண்டையும் ஒரே நூலில் விவரித்தது. கிளைமொழிச் சொற்களையும் நீநோர்ஸ்கையும் சேர்த்து 1930இல் தொடங்கிய ‘நோர்ஸ்க் ஊர்ட்போக்’ அகராதி பன்னிரண்டாம் தொகுதியோடு 2016இல் முடிந்தது. ஓசன் காலத்து வேகத்தில், ஓசன் காலத்துப் பொறுமையோடு. ஃபார்லுண்ட் பிறகு ஜோசப் எமண்ட்ஸுடன் சேர்ந்து ஆங்கிலமே ஒரு ஸ்காண்டிநேவிய மொழி என்று 2014இல் வாதிட்டது தனிச் சர்ச்சை. பலர் ஏற்கவில்லை.

ஹௌகன் தம் பெற்றோரின் ஒப்டால் கிளைமொழியைப் பற்றி 1982இல் நார்வே மொழியில் ஒரு நூல் எழுதினார். கோட்பாடுகளுக்குப் புகழ்பெற்ற முதியவர் ஒரு பள்ளத்தாக்கின் பேச்சுக்குத் திரும்பி அதன் ஒலிகளையும் விகுதிகளையும் அடுக்கினார். 2010 முதல் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் யான்னே பொண்டி யொஹன்னெஸ்ஸன் குழுவினர் அமெரிக்காவில் எஞ்சிய நார்வே பேச்சாளர்களைத் தேடிப் போனார்கள். வெஸ்ட்பியும் கூன் வேலியும் அவர்கள் பட்டியலில் இருந்தன. அவர்களது ஒலித்தரவுத் தொகுப்பில் ஹௌகனின் பழைய பதிவுகளும் 1931இல் டிட்ரிக் ஆருப் சைப், எர்ன்ஸ்ட் செல்மர் இருவரும் எடுத்த பதிவுகளும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அதனால் ஒரே ஊரின் பேச்சை முக்கால் நூற்றாண்டு இடைவெளியில் ஒப்பிட முடிகிறது. ஒப்பிட்டவர்கள் கண்டது: வினைச்சொல்லை வாக்கியத்தின் இரண்டாம் இடத்தில் வைக்கும் நார்வே ஒழுங்கு பெருமளவு தாங்கி நிற்கிறது. மூன்று பால் முறையோ தளர்கிறது, முன்பு பெண்பாலாகவும் அஃறிணைப் பாலாகவும் இருந்த சொற்கள் பல ஆண்பாலுக்கு நழுவுகின்றன. ஃப்ளோம் 1903இல் கேட்ட அதே கேள்விக்கு, ஹௌகனின் பதிவுகளை அடிப்படையாக வைத்து இப்போது விடை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.